வரைபடத்தில் நிறுத்திய கார்

நான் நிறுத்திய கார்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளும் ஓடியதில்லை. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடுகளுக்கு வரைபடம் போட்டேன். அதை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துக் கட்டட அனுமதி வாங்குவதும் என் வேலை. சென்ற ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் இன்னும் போன் செய்கிறீர்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மேடம், எப்படிப் போட்டா சீக்கிரம் பாஸாகும்?" அது எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். அப்படித் தெரிந்திருந்ததால் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் கார் என்பது ஒரு தயார்ப் படம். மேலிருந்து பார்த்தால் தெரியும் நீள்சதுரம், நான்கு சக்கரம், ஒரு கண்ணாடிக் கோடு. இழுத்து எங்கே போட்டாலும் நிற்கும். யாராவது கார் ஷெட்டை மூடி அறையாக்க வேண்டும் என்று வந்தால், நாங்கள் செய்வது இதுதான்: ஷெட்டிலிருந்து அந்தக் காரை இழுத்து, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையே விதிப்படி விட்டிருக்கும் காலி இடத்தில் போடுவோம். நிறுத்துமிடம் காட்டியாயிற்று. ஷெட் அறையாகிவிடும். டியூஷன் சென்டர், தையல் கடை, பல் மருத்துவர் அறை என்று எத்தனையோ கார் ஷெட்டுகள் என் கையால் மாறியிருக்கின்றன. அந்தக் காலி இடத்தில் உண்மையில் கார் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

முடிச்சூரிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய வீட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் வரைபடம் போட்டவள் நான்தான். அரை கிரவுண்டுக்கும், அதாவது ஆயிரத்து இருநூறு சதுர அடிக்கும், குறைவான மனை. கீழே ஹால், சமையலறை, மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிவறை, முன்னால் கார் ஷெட். மேலே ஒரு படுக்கையறை. அவர்களிடம் கார் கிடையாது. இருந்தும் எல்லா வீட்டுக்கும் போடுவதுபோல அதற்கும் ஷெட் போட்டிருந்தேன்.

அவர் கணவர் சேகர் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர். சர்க்கரை நோய் இருந்தது. பாதத்தில் தகடு கிழித்த காயம் ஆறாமல், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி சொந்த வீட்டின் கழிவறைக் கதவுக்குள் நுழையாது. படுக்கையறைக்கோ படியேற வேண்டும். அதனால் மருத்துவமனையிலிருந்து நேராக வண்டலூரில் எஸ்தரின் அக்கா வீட்டுக்குப் போய், நான்கு மாதமாக அந்த ஹாலில் படுத்திருந்தார்.

"அக்கா பொண்ணு டெலிவரிக்கு வர்றா மேடம். ஒன்பதாம் மாசம் அழைச்சுட்டு வரணும். அவளுக்கு அந்த ஹால் வேணும்" என்றார் எஸ்தர். "யாரும் போகச் சொல்லல. ஆனா இவர் தினமும் காலண்டரப் பாக்கறார். அவ வர்றதுக்குள்ள கார் ஷெட்ட ரூமாக்கி, பாத்ரூம் வெச்சு, இவர எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும்."

அதாவது இரண்டரை மாதம்.

நான் போய் அளந்தேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் பலர் செய்ததுபோல அவர்களும் வீட்டுத் தரையை உயர்த்தியிருந்தார்கள். ஷெட் தரை மட்டும் மூன்று படி கீழே கிடந்தது. அதையும் ஹால் மட்டத்துக்கு உயர்த்தி, அறையும் குளியலறையும் வரைந்தேன். வாசலில் ஒரு சாய்தளம் போட்டேன். இடம் போதாததால் அது செங்குத்தாக வந்தது. காரை இழுத்துப் பக்கவாட்டுக் காலி இடத்தில் போட்டேன். ஏழடி அகலம். படத்தில் அழகாகப் பொருந்தியது.

கட்டட வேலையை எடுத்திருந்த மேஸ்திரி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. "பேப்பர் உங்க கைல கீதுக்கா, அப்புறம் இன்னா பயம்?" என்று முன்சுவரை எழுப்பத் தொடங்கினார். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். என் வரைபடம் எதுவும் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தெம்பில் பேசாமல் இருந்தேன். சுவர் ஜன்னல் உயரம் தாண்டியபோது எதிர்வீட்டுக்காரர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்: நிறுத்துமிடத்தை மூடி அனுமதியின்றிக் கட்டுகிறார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது.

உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளர் ஒரு இளம்பெண், என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கூட்டியில் தனியாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வரைபடத்தை வாங்கி, அதைப் பார்க்காமல் முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். பிறகுதான் படத்தை விரித்தார். நான், எஸ்தர், மேஸ்திரி, எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தோம். வண்டலூரிலிருந்து ஆட்டோவில் வந்த சேகர், இறங்காமல் கேட்டருகே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இந்த சந்துல ஒரு கார் காட்டியிருக்கீங்க."

"ஆமாம்மா. ஏழடி இருக்கு."

"ஒரு காரைக் கொண்டு வந்து நிறுத்திக் காட்டுங்க."

முப்பது ஆண்டுகளில் யாரும் இதைக் கேட்டதில்லை. "இவங்ககிட்ட கார் இல்லையே" என்றேன். அது எவ்வளவு வேடிக்கையான பதில் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

எதிர்வீட்டுக்காரர் முன்வந்தார். "என் வண்டி இருக்கு. நானே விட்டுக் காட்டறேன். நிக்காதுன்னு எல்லாரும் கண்ணால பாக்கட்டும்."

ரிவர்ஸ் எடுத்து, வளைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டார். ஒரு பக்கம் மழைநீர்க் குழாய், மறுபக்கம் மின்மீட்டர் பெட்டி. தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நம்ப முடியாதபடி கார் உள்ளே போய் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

"சார், இறங்குங்க" என்றார் பொறியாளர்.

இந்தப் பக்கக் கதவு நான்கு விரல் திறந்து குழாயில் இடித்தது. அந்தப் பக்கமும் அவ்வளவுதான். அவர் உள்ளே உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

ஆட்டோவிலிருந்து சேகர் குரல் கொடுத்தார்: "சார், கவலப்படாதீங்க. டிபன ஜன்னல் வழியா குடுத்துடறோம்!"

தெரு சிரித்தது. மேஸ்திரி அதோடு விடவில்லை. "இத்தன வருஷம் இவுங்க ஷெட்டுலதான் சார் உங்க வண்டி நின்னுகினு இருந்துச்சு. அங்கன்னா டோர் நல்லா தொறக்கும், இல்ல?"

அப்போதுதான் எனக்குப் புகாரின் காரணம் புரிந்தது. பொறியாளர் சிரிக்கவில்லை. அவருக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை. கார் வெளியே வரும்வரை காத்திருந்து, பைலில் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டினார்: வரைபடத்தில் காட்டிய நிறுத்துமிடம் பயன்படுத்தத் தக்கதல்ல. பத்து நாளில் திருத்திய வரைபடம் தராவிட்டால் எழுப்பிய சுவரை இடிக்க வேண்டும்.

"புகார் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரான்னு நான் பாக்க முடியாது மேடம். அவர் சொன்னது சரி" என்றார்.

அவர் போன பிறகு சேகர் என்னைக் கூப்பிட்டார். சிரிப்பு போயிருந்தது. "இன்னா மேடம், நம்ம வூட்டுக்கு நான் வருவேனா, மாட்டேனா? அத மட்டும் சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன்.

மேஸ்திரியிடம் வழி இருந்தது. உங்களிடமும் இதை யாராவது சொல்வார்கள், அதனால் எழுதுகிறேன். முன்சுவரை எடுத்துவிட்டு ரோலிங் ஷட்டர் போட்டுவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் கார் ஷெட். ஷட்டருக்குப் பின்னால் அறை. ஆய்வு வரும்போது கட்டிலை நகர்த்திவிட்டு ஷட்டரைத் தூக்கிக் காட்டுவது. "ஊர்ல பாதி வூடு இப்டித்தாங்க்கா கீது" என்றார். உண்மைதான். அன்று மாலை அதை வரைந்தும் பார்த்தேன். ஜன்னல் வைக்கச் சுவர் இல்லை. ஷட்டரை உள்ளிருந்து தூக்க எழுந்து நிற்க வேண்டும். மின்கசிவு, புகை, மறுபடி ஒரு வெள்ளம், எது வந்தாலும் சக்கர நாற்காலியில் இருப்பவர் அங்கிருந்து தானாக வெளியே வர முடியாது. சேமிக்காமல் மூடினேன்.

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தேன். நிறுத்துமிட அட்டவணை எனக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் எனக்கு மனப்பாடமாக இருந்தது அதன் நடுவிலிருந்த ஒரே ஒரு வரி. எப்போதும் பயன்படுத்தும் வரி. அன்று முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு குறிப்பிட்ட பரப்புக்கு உட்பட்ட சிறிய வீட்டுக்கு விதி காரே கேட்கவில்லை. இருசக்கர வண்டி நிறுத்த இடம் இருந்தால் போதும் என்றிருந்தது. (அளவை இங்கே எழுத மாட்டேன். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதைப் படியுங்கள், முதல் வரியிலிருந்து.)

யாரும் கேட்காத காரை நானாகக் கொண்டுபோய் நிறுத்தி, அது நிற்காது என்று நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த இரவு முழுக்க வெட்கப்பட நேரமில்லை; பரப்பைக் கூட்டினேன். நிறுத்துமிடம் தளப் பரப்பில் சேராது, அறையாக்கினால் சேரும். கூட்டிப் பார்த்தால் வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம் வந்தது. ஏறக்குறைய இரண்டு கட்டில் போடும் இடம். மீறியது புதிய அறையால் அல்ல. மொட்டை மாடியில் ஒரு தகரக் கூரை அறை இருந்தது. நான் போட்ட பழைய வரைபடத்தில் இல்லாதது. அது போனால் எல்லாம் வரம்புக்குள் அடங்கும்.

அதைக் கட்டியவர் சேகர். இரும்புக் கோணச் சட்டங்களை அவரே அறுத்து, துளையிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்தியது. உள்ளே இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், கிரைண்டர், ஒரு டிரில்லிங் மெஷின். ஓய்வு பெற்றதும் அங்கே சொந்தமாகச் சிறு வேலைகள் எடுத்துச் செய்வது அவர் திட்டம்.

வண்டலூர் போய்ச் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை.

சேகர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "காலு போச்சு. இப்ப பட்டறையும் போவணுமா?"

எஸ்தர், "ஏங்க..." என்றார்.

"நீ இரு." என் பக்கம் திரும்பினார். "பேப்பர்லதானே மேடம்? கொஞ்சம் சுருக்கிக் காட்டுங்க. சுவத்த மெலிசாக்குங்க. நிக்காத காரயே நிக்க வெச்சீங்க, இது உங்களுக்கு ஒரு பெரிய விஷயமா?"

அந்தக் குத்தலுக்கு நான் தகுதியானவள்தான். "அதச் செஞ்சதாலதான் சார் உங்க சுவர் பாதியில நிக்குது" என்றேன். "இன்னொரு தடவ செஞ்சா பத்து நாள்ல இடிச்சிடுவாங்க. அந்தப் பொண்ணு படத்தப் பாக்கறதுக்கு முன்னாடி வீட்டப் பாக்கறா."

"நீங்களே சொல்லுங்க. நான் ஒத்துக்கணுமா?"

இந்தத் தொழிலில் மிகக் கடினமான இடம் அதுதான். வரைபடம் போடுகிறவருக்கு வீட்டுக்காரரின் வாழ்க்கையில் முடிவெடுக்கும் உரிமை கிடையாது. ஆனால் கேட்டால் மழுப்பவும் கூடாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: மேலே அறை இருந்தால் கீழே அறை இல்லை. கீழே அறை வந்தால், சந்தில் கார் காட்ட வேண்டியதில்லை, அந்த ஏழடி இடம் காலி. மூன்று படி உயரத்துக்கு நீளமான, மெதுவாக ஏறும் சாய்தளத்தை அங்கே போடலாம். முதல் வரைபடத்தில் நான் வைத்த சாய்தளத்தில், பின்னாலிருந்து யாராவது தள்ளினால் மட்டுமே நீங்கள் ஏற முடியும். இதில் நீங்களே உருட்டிக்கொண்டு ஏறலாம்.

முடிவை அவரிடமே விட்டேன். நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவரே போன் செய்தார். ஹலோவெல்லாம் இல்லை. "பட்டறையிலேர்ந்து நாலு பேர அனுப்பறேன். மேஸ்திரிய மேல ஏற வுடாதீங்க, அவன் கட்டர் வெச்சு அறுத்துடுவான். ஒரு இடத்துலகூட வெல்டிங் இல்ல மேடம், எல்லாம் போல்ட்டு. ஸ்பானர் போட்டா சத்தமில்லாம வரும். வரிசையா நம்பர் எழுதிக் கழட்டச் சொல்லியிருக்கேன்."

நான் போய் நின்று பார்த்தேன். சொன்னது சரிதான். வெயிலிலும் மழையிலும் அத்தனை ஆண்டுகள் நின்ற அறை, ஒரு போல்ட்டும் துருப்பிடித்து இறுகாமல், மதியத்துக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் கிரீஸ் இருந்தது. கோணச் சட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. என் டேப்பை வைத்துப் பார்த்தேன்; ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு நான் இழுத்துப் போட்ட காரைக் கொடுத்திருந்தேன்.

திருத்திய வரைபடத்தை நான்கு நாள் உட்கார்ந்து போட்டேன். வழக்கமாக அரை நாள் வேலை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான் சேகர் இனி ஓட்டப்போகும் வண்டி. அதற்கு என்ன அகலம் வேண்டும் என்று எந்தத் தயார்ப் படத்திலும் இல்லை. முடிச்சூர் மெயின் ரோட்டில் அப்படி ஒரு ஸ்கூட்டரில் அலைந்து தேங்காய் விற்கும் ஒருவரைப் பிடித்து, எஸ்தர் வீட்டு வாசலுக்கு வரவழைத்து, நிறுத்தி, இறங்கி, மறுபடி ஏறச் சொல்லி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளந்தேன். "எதுக்கும்மா இது, ஃபைன் கீன் போடுவாங்களா?" என்று அவர் பயந்தபடி மூன்று முறை இறங்கி ஏறினார். குளியலறையையும் அப்படியே தரையில் கோடு போட்டு, ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்து நானே அதில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். முதலில் வரைந்த அளவில் திரும்பவில்லை. சுவரை ஒன்பது அங்குலம் தள்ளினேன்.

கூடவே ஒரு கடிதம் வைத்தேன். அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கியதைத் தடுக்காதது என் தவறு, முதல் வரைபடத்தில் காட்டிய நிறுத்துமிடத்தைச் சரிபார்க்காததும் என் தவறு என்று என் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டேன். தெரிந்தவர்கள், "லைசென்ஸுக்கு ஆபத்து, எழுதாதே" என்றார்கள். எழுதாமல் இருந்தால் அந்தத் தவறு எஸ்தர் தலையில் விழும்.

ஒன்பதாம் நாள் பொறியாளர் வந்தார். மொட்டை மாடிக்குப் போய் வெறுந்தரையைப் பார்த்தார். கீழே வந்து தன் டேப்பை எடுத்தார். "ஒரு முனையப் பிடிங்க மேடம்." அறை, ஹால், சமையலறை, மேலே படுக்கையறை என்று எதையும் விடவில்லை. எழுதி, கூட்டி, என் வரைபடத்தின் கீழிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். மறுபடி கூட்டினார்.

"ஒத்துப் போகுது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என் தொழில் வாழ்க்கையில் பாராட்டு என்று எனக்குக் கிடைத்தவை பல, சால்வைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் எதுவும் இல்லை. அந்தப் பெண் அடுத்து என் கடிதத்தைப் படித்தார். மடித்து பைலில் வைத்தார். "இத நான் நீக்க முடியாது, பைல்ல இருக்கும்" என்றார். இருக்கட்டும் என்றேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எஸ்தருக்கு அனுமதி வந்தது.

வேலை முடிய ஐந்து வாரம். அக்கா மகள் வருவதற்கு ஆறு நாள் இருக்கும்போது சேகர் வந்தார். தன் வாசலை அடைத்து நிறுத்தியிருந்த காரை எதிர்வீட்டுக்காரர் காலையிலேயே தெருமுனைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார். ஆட்டோ திரும்ப இடம் வேண்டுமாம். சேகருக்கும் அவருக்கும் இடையே ஆளுக்கொரு தலையசைப்பு.

மேஸ்திரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "கைய எடுய்யா" என்றார் சேகர். சந்தின் சாய்தளத்தில் தானே உருட்டிக்கொண்டு ஏறினார். நடுவில் ஒரு முறை நின்றார். மூச்சு வாங்கத்தான் என்று நினைத்தேன். குனிந்து தரையின் சரிவைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மேலே போனார். அறைக்குள் நுழைந்து ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். நேராகக் குளியலறைக்குள் போய், உள்ளே நாற்காலியைத் திருப்பி, எங்களைப் பார்த்தபடி கதவைச் சாத்தினார்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஆறு மாதமாக அவர் இருந்த இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் கழிவறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்தர் பழக்கத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு நின்றுவிட்டார். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம், சுதி சேராமல், ஒரு பாட்டு.

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தார். "வாங்க மேடம், ஹால்ல உக்காருவோம்" என்றார். "அவர் மெதுவா வரட்டும்."